பொட்டு வைத்த பதினாறு பெட்டிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நான் ஓய்வு பெற்ற மறுநாளே என் நாற்காலியைத் தூக்கிக் கிடங்கில் போட்டவர்கள், இப்போது என் அனுபவம் வேண்டும் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். நல்ல வார்த்தை என்னிடம் கைவசம் இல்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனம் இருக்கிறது, கொஞ்சம் பெரியது. அதை எழுதித் தருகிறேன்.

நீங்கள் பார்க்கப் போகும் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கொடுத்த அறிமுகப் புத்தகத்தில் அதைத் தவிர எல்லாம் இருக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் பதினாறு தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கின்றன. ஒன்று லாரி செய்யும் பெரிய கம்பெனி; மற்றவை அதற்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவை. எந்த இரும்பு எந்த உலையில் எத்தனை டிகிரியில் வெந்தது, யார் சோதித்தார், யார் சரி என்று சொன்னார் என்பதெல்லாம் அதில் ஏறும். ஏறிவிட்டால் பிறகு ஒருவரும் மாற்ற முடியாது. அதற்காகத்தான் பிளாக்செயின். பதினாறு பேரில் ஒருவருக்கும் மற்ற பதினைந்து பேர் மேல் நம்பிக்கை இல்லாததால் வந்த ஏற்பாடு. நம்பிக்கை இருந்திருந்தால் ஒரு நீள நோட்டு போதும்.

பிளாக்செயினில் முழு விவரத்தையும் ஏற்றினால் தாங்காது. அதில் கைரேகை மாதிரி ஒரு சின்ன அடையாளம் மட்டும் இருக்கும். விவரம் வெளியே எங்காவது இருக்க வேண்டும், கேட்டால் கிடைக்கவும் வேண்டும். கைரேகை இருக்கிறது, ஆளைக் காணோம் என்றால் யாருக்கு என்ன பயன்? அந்த விவரத்தை எங்கே வைப்பது என்று மூன்று கூட்டம் நடந்தது. ஒரே இடத்தில் வைக்கலாம் என்றால் யார் இடத்தில் என்று சண்டை. பதினாறு இடத்திலும் முழுப் பிரதி வைக்கலாம் என்றால் சின்னத் தொழிற்சாலைகள் இடம் பற்றாது என்று கையை விரித்தன. அப்போது நான் எழுந்து, பிழை திருத்தும் குறியீடு என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்துச் செய்யலாம் என்றேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருக்கலாம்.

விஷயம் எளிதுதான். காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்தால் ஒரு நேர்கோடு போடலாம். அதே கோட்டில் இன்னும் இரண்டு புள்ளி குறித்து, நாலு புள்ளியையும் நாலு வீட்டில் கொடுத்து வையுங்கள். இரண்டு வீடு பூட்டிக் கிடந்தாலும், மிச்ச இரண்டு வீட்டுப் புள்ளியை வைத்துக் கோட்டைத் திரும்பப் போட்டுவிடலாம். எந்த இரண்டு வீடு என்பது முக்கியமே இல்லை. நாங்கள் செய்தது அதே காரியத்தின் பெரிய அளவு. ஒவ்வொரு பதிவையும் எட்டுத் துண்டாக்கி, கணக்குப் போட்டு இன்னும் எட்டுத் துண்டு உண்டாக்கி, தொழிற்சாலைக்கு ஒன்றாகப் பதினாறு சின்னக் கணினிப் பெட்டிகளில் வைத்தோம். பதினாறில் எந்த எட்டு கிடைத்தாலும் முழுப் பதிவும் வந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கைரேகை உண்டு. எவராவது துண்டை மாற்றிக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். “பாதிப் பேர் செத்தாலும் நம் பதிவேடு சாகாது” என்று நான் மேடையில் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

எல்லாத் துண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு காவல் நிரலும் வைத்தோம். மணிக்கொரு தரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கும். கிடைக்கவில்லை என்றால் என் போனில் கத்தும். அது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கத்தியது. சின்னத் தொழிற்சாலைக்காரர்கள் லீவு நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள், பெட்டியும் அணைந்துவிடும். பெரிய தொழிற்சாலைகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் என்பதால் எட்டுக்குக் குறைந்ததே இல்லை. எத்தனை ஞாயிறு கத்தலைக் கேட்பது? விடுமுறை நாட்களில் கத்தாதே என்று நானே எழுதி வைத்தேன். அரசு விடுமுறைப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக என் கையாலேயே ஏற்றினேன். ஆயுத பூஜையையும் ஏற்றினேன். ஏற்றும்போது, அது எப்படிப்பட்ட நாள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

இனிமேல் கோமதி வருகிறாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண். அங்கேயே ஒரு சின்ன உலைக் கம்பெனியில் சோதனை வேலை. லாரியின் ஸ்டீயரிங்கில் போகும் பின்களைக் கடினமாக்கும் உலையின் சூட்டைக் குறித்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். நான் எடுத்த பயிற்சி வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்து, நான் பதில் தெரியாமல் முழிக்கும் கேள்விகளாகக் கேட்டவள். வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாத்தியம்.

அந்த வருடம் லாரிக் கம்பெனியின் சோதனைத் தடத்தில் ஒரு லாரி திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வேலியில் போய் மோதி நின்றது. ஓட்டியவருக்கு வலது கை முறிந்தது. பிரித்துப் பார்த்தால் ஸ்டீயரிங் பின் உடைந்திருந்தது. கோமதியின் உலையில் நாலு மாதம் முன்பு வெந்த பின். லாரிக் கம்பெனியின் தர மேலாளர், உலை சரியாகச் சூடாகாதது தெரிந்தும் அந்தப் பெண் சரி என்று எழுதிவிட்டாள் என்றார். தன் கம்பெனிக் கணினியில் இருக்கும் பிரதியில் அப்படித்தான் இருக்கிறதாம். இல்லை, நான் அந்த லாட்டை, அந்தத் தடவை வெந்த பின் மொத்தத்தையும், நிறுத்தி வைக்கச் சொல்லி ஹோல்ட் போட்டேன் என்றாள் கோமதி. அவள் கம்பெனிக் கணினியிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது அவர்கள் கணினி, திருத்தியிருக்கலாம் என்றார் மேலாளர். பொதுப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும் என்று முடிவாயிற்று. விசாரணைக் கூட்டத்தை வெளிநாட்டிலிருக்கும் லாரிக் கம்பெனித் தலைமை அலுவலகம் வீடியோவில் நடத்தும். நாளும் நேரமும் அவர்கள் குறித்தார்கள். குறித்த நாள் ஆயுத பூஜை. அவர்கள் காலண்டரில் அது இல்லை. நம் ஆட்களுக்கு அதை எடுத்துச் சொல்லும் துணிச்சலும் இல்லை.

பொய்ப் பதிவு போட்டவள் என்று பேர் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி வாசலும் அவளுக்குத் திறக்காது. எல்லாக் கம்பெனி மனிதவள ஆட்களும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

கூட்டம் மாலை நாலு மணிக்கு. காலை பத்து மணிக்குப் பதிவைத் திறந்து அச்செடுத்து வைக்கலாம் என்று நான் அலுவலகத்துக்குப் போனேன். கோமதி எனக்கு முன்பே வந்து வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தாள். துண்டுகளைச் சேர்க்கும் நிரலை ஓட்டினேன். ‘கிடைத்த துண்டுகள்: இரண்டு’ என்று வந்தது. மறுபடி ஓட்டினேன். இரண்டுதான்.

“இன்னா மேடம், ரெண்டு தான் காட்டுது?” என்றாள் கோமதி.

பெட்டிகள் எல்லாம் எங்கே போயின என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் விடுமுறை என்பதால் முந்தின நாளே எல்லாத் தொழிற்சாலையிலும் பூஜை. மெஷின்களைத் துடைத்து, மெயினை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தாயிற்று. நம் பெட்டிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார்கள், நானும் பூரித்துப்போய் கைகூப்பும் பொம்மை போட்டுப் பதில் அனுப்பியிருந்தேன். பூஜை போட்ட மெஷினுக்கு மறுநாள் முழுக்க ஓய்வு. விஜயதசமி காலையில் மறுபூஜை போட்ட பிறகுதான் தொடுவார்கள். பாதிப் பேர் செத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேனே தவிர, அத்தனை பேரும் ஒரே நாளில் பயபக்தியோடு படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று போடவில்லை. காவல் நிரலும் என் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலைகளின் கணினிப் பொறுப்பாளர்கள் பட்டியல் என்னிடம் இருந்தது. ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒருவர் குலதெய்வம் கோயில், ஒருவர் ஏற்காடு, மிச்சப் பேர் ஸ்விட்ச் ஆஃப். மணி பதினொன்று. நேரில் போவதென்று முடிவு செய்து, அலுவலகக் கார் டிரைவர் ஏழுமலையைக் கூப்பிட்டேன். காருக்கு வாழைக்கன்று கட்டி, முன்னால் முழ அகலத்துக்கு மாலை போட்டிருந்தார்.

“வண்டிய எடுக்கலாமா ஏழுமலை? பூஜை போட்டிருக்கீங்களே?”

“வண்டி ஓடலாம் மேடம். எலுமிச்சங்கா நசுக்கியாச்சி இல்ல? மெசின் தான் ஓடக்கூடாது. ஏறுங்க, ஏறுங்க.”

கோமதி மடிக்கணினியோடு பின்சீட்டில் ஏறினாள். ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் இல்லை. உடைந்த பூசணிக்காய்தான் வழியெல்லாம். ஒரகடத்தில் முதலில் போனது இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப். செக்யூரிட்டி பொரி கடலைப் பொட்டலம் கொடுத்து வரவேற்றார். உள்ளே எலக்ட்ரீஷியன் சூசை மட்டும் இருந்தார், தூத்துக்குடிக்காரர். மின்அறையில் நம் பெட்டி மூன்று விபூதிப் பட்டையும் நடுவில் குங்குமமும் கழுத்தில் சாமந்தியுமாக உட்கார்ந்திருந்தது.

“இதை ஒரு அரைமணி நேரம் ஆன் பண்ணணும்” என்றேன்.

“ஐயோ, அது மட்டும் கேக்காதீங்க மேடம். பூசை போட்டது.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவர்தானே சூசை? உங்களுக்கு என்ன?”

“அதாம் மேடம் பிரச்சனையே. எனக்குப் பூசை கெடையாது, பொட்டு வச்சது அவங்க. நான் தொட்டேன்னு வைங்க, நாளைக்கு பிரஸ்ல எவன் வெரல் நசுங்குனாலும் எம்பேருதான வரும்?”

அவர் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு அப்போது நியாயத்துக்கு நேரமில்லை. என் படிப்பை எல்லாம் திரட்டிக்கொண்டு வாதாடினேன். “இது மெஷினே இல்லை சூசை. இதில் ஓடுறது எதுவும் இல்லை. இது ஒரு பதிவேடு. புத்தகம் மாதிரி.”

சூசை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “புஸ்தகமா? அப்போ சரஸ்வதி பூசை மேடம். அதையும் இன்னைக்கு பிரிக்கக் கூடாதுல்லா.”

ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. சூசை மேல் இல்லை. மெஷின் என்றாலும் மாட்டிக்கொள்ளும், புத்தகம் என்றாலும் மாட்டிக்கொள்ளும் ஒரு சாமானை இந்த உலகத்திலேயே நான்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயம். நான் குரலை உயர்த்தி, உங்கள் மேனேஜரிடம் பேசுகிறேன், பதிவேட்டுக் கமிட்டிக்கு எழுதுகிறேன் என்றெல்லாம் சத்தம் போட்டேன். சூசை அசையவில்லை. கமிட்டி என்ற சொல்லை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார்.

கோமதி முன்னால் வந்தாள். “அண்ணே, நான் பிள்ளைப்பாக்கம் உலைல வேல செய்யறேன். நான் பொய் எழுதினேன்னு சொல்றாங்க. எழுதல. இந்தப் பொட்டிக்குள்ள தான் அது கீது. நாலு மணிக்குள்ள வரலன்னா என் வேல போய்டும்.”

சூசை என் பக்கம் திரும்பினார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா மேடம்? துண்டு, கோடு, குறியீடுன்னு என்னத்தையோ சொல்லுதீய.”

பூஜை போட்ட பிரஸ் ஆபரேட்டருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். எதிர்முனையில் குழந்தைகள் சத்தம். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆபரேட்டர் இரண்டு நொடி யோசித்தார். “ஒரு பொண்ணு பொழப்பா? சாமி ஒண்ணியும் கோச்சிக்காது. மறுபூஜைய நாளிக்கு பதிலா இன்னிக்கே போட்டுட வேண்டியது தான். ஒரு கற்பூரம் ஏத்திக் காட்டிட்டு சுச்ச போடு. பெரிய மெசின் எதியும் தொட்டுடாத, ஆமா.” கற்பூரம் ஏழுமலையின் காரில் இருந்தது. ஒரு தேங்காயும் இருந்தது. சூசை கற்பூரம் ஏற்றிக் காட்ட, ஏழுமலை தேங்காய் உடைக்க, மூன்றாவது துண்டு வந்தது.

இப்படி இன்னும் ஐந்து இடம் போனால் விஜயதசமி வந்துவிடும் என்று நான் புலம்பினேன். சூசை, “நீங்க எதுக்கு மேடம் அலையுதீய?” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். இந்த வட்டாரத்து எலக்ட்ரீஷியன்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறதாம். பதினாறு தொழிற்சாலையின் சுவிட்சிலும் கை வைக்கும் ஆட்கள் அதில் இருந்தார்கள். என் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. சூசை குரல் பதிவு போட்டார்: ஒரு பிள்ளையோட வேலை போகப்போவுது, பக்கத்துல இருக்கவன் போய் கற்பூரம் காட்டிட்டு மேடத்தோட பெட்டிய மட்டும் போடுங்க, மத்ததத் தொடாதீங்க.

பன்னிரண்டரைக்கு நாலாவது துண்டு வந்தது. ஒரு மணிக்கு ஐந்தாவது. ஒருவர் சாவி சொந்த ஊரில் இருக்கிறது என்றார். ஒருவர் மெயினைப் போட மேலதிகாரி அனுமதி வேண்டும் என்றார். ஒரு பெட்டி உயிர் வந்து துண்டையும் கொடுத்தது, ஆனால் கைரேகை பொருந்தவில்லை என்று நிரல் அதைத் தள்ளிவிட்டது. விசாரித்தால், பக்தி மிகுதியில் யாரோ காற்றுத் துளை வழியாகச் சந்தனத்தைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு மணிக்கு ஆறு, இரண்டே முக்காலுக்கு ஏழு. அதோடு நின்றுவிட்டது. கோமதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழுமலை டீ வாங்கிக்கொண்டு வந்தார், அது ஆறிப்போயிற்று.

என் மண்டையில் உறுத்திக்கொண்டே இருந்த ஒன்றை அப்போது கேட்டேன். லாரிக் கம்பெனிக்கு ஆயுத பூஜை விடுமுறை கிடையாது. மூன்று ஷிஃப்டும் ஓடும். அவர்கள் பெட்டி காலையிலிருந்தே உயிரோடு இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை? தர மேலாளருக்கே போன் செய்தேன்.

“ஹேப்பி ஆயுத பூஜா மேடம்! எங்க பாக்ஸுக்கும் நேத்து பூஜை போட்டு ஆஃப் பண்ணிட்டோம். நம்ம கல்ச்சர நாமளே மதிக்கலன்னா எப்படி?” என்றார். அவர் பேசும்போது பின்னால் பிரஸ் லைன் டமார் டமார் என்று இடித்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் டன் மெஷினுக்கு இல்லாத ஓய்வு என் அரிசி டப்பா அளவுப் பெட்டிக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்.

“கற்பூரம் காட்டிப் போடச் சொல்லுங்க சார்” என்றேன்.

“சே சே, சாமி விஷயம் மேடம். ரெக்கார்ட் வரலன்னா விடுங்க. என் காப்பி இருக்கே, அத வச்சு பாத்துக்கலாம்.”

போனை வைத்தேன். பெட்டி கெட்டுப் போகும், கரண்ட் போகும், வெள்ளம் வரும் என்றெல்லாம் யோசித்திருந்தேன். கையில் வைத்துக்கொண்டே, சிரித்த முகமாக, தர மாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பதைப் படித்திருந்தேன், வகுப்பில் சொல்லியும் கொடுத்திருந்தேன். நேரில் பார்த்தது அன்றுதான். மணி மூன்றேகால்.

“எங்க கம்பெனி பொட்டி கீதே மேடம்” என்றாள் கோமதி.

காலையிலேயே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: உங்கள் கம்பெனிப் பெட்டி பக்கம் மட்டும் போகாதே, நீ தொட்டால் மாற்றிவிட்டாய் என்பார்கள் என்று. அதையே மறுபடி சொன்னேன். எட்டாவது பெட்டிக்கு வேறு எவராவது கிடைப்பார்கள், இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம். மேலாளர் வாயில் விழ எனக்குத் தெம்பு இல்லை.

கோமதிக்குக் கோபம் வந்துவிட்டது. “கிளாஸ்ல நீங்க தான மேடம் சொன்னீங்க? யாரு குடுக்கறாங்கன்னு பாக்க வேணாம், துண்டு சரியா தப்பான்னு அதுவே சொல்லும்னு? சந்தனம் ஊத்தின பொட்டிய தள்ளிச்சி இல்ல? நான் மாத்தி இருந்தா என்னியும் தள்ளிடும். நீங்க சொன்னத நான் நம்பறேன். நீங்க நம்ப மாட்டீங்களா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருபது வருடமாக நான் சொல்லித் திரிந்த கணக்கை அந்தக் காரில் நம்பிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். “பிள்ளைப்பாக்கம் விடுங்க ஏழுமலை” என்றேன். ஏழுமலை அதற்கு முன்பே கியரைப் போட்டுவிட்டார்.

உலைக் கம்பெனியில் ஆள் இல்லை. முதலாளி வீட்டிலிருந்து சாவி வந்தது. கற்பூரம் தீர்ந்துபோயிருந்தது. கோமதி பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிய நாலு நிமிடம் ஆயிற்று. எட்டாவது துண்டு வந்தது, கைரேகை பொருந்தியது, பதிவு திறந்தது. மூன்று ஐம்பத்திரண்டு.

பதிவில் இரண்டு வரி. முதல் வரி கோமதியுடையது: உலைச் சூடு குறைவு, லாட்டை ஹோல்டில் வைக்கவும். இரண்டாவது வரி மறுநாள் ஏறியது: அவசரம், இப்படியே பயன்படுத்தலாம், ஹோல்ட் நீக்கப்பட்டது. அடையாள எண் லாரிக் கம்பெனியின் தர மேலாளருடையது. கோமதி அதைப் படித்துவிட்டு உலை ஓரமாகப் போய் நின்று அழுதாள். ஏழுமலை என்ன செய்வதென்று தெரியாமல் பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

கூட்டத்தை உலை அறையிலிருந்தே மடிக்கணினியில் சேர்ந்தோம். மேலாளர் ஆரம்பித்தார்: துரதிர்ஷ்டவசமாகப் பொதுப் பதிவேடு இன்று கிடைக்கவில்லை, எனவே எங்கள் பிரதியை வைத்து மேற்கொண்டு போகலாம். கிடைத்திருக்கிறது என்று சொல்லி நான் திரையில் போட்டேன். வெளிநாட்டுத் தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரியையும் படித்தார். குற்றம் சாட்டப்பட்டவரின் பெட்டியிலிருந்தும் ஒரு துண்டு வந்திருக்கிறது, செல்லாது என்றார் மேலாளர். கைரேகையைக் காட்டினேன். உங்கள் பெட்டி ஏன் பதில் சொல்லவில்லை என்று தலைவி அவரைக் கேட்டார். இன்று இங்கே விடுமுறை என்றார் அவர். பின்னால் பிரஸ் லைன் டமார் என்றது.

நல்லபடியாக முடிந்ததா என்று கேட்பீர்கள். கோமதி மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மேலாளரைப் புனேவுக்கு மாற்றினார்கள், பெரிய பதவியில். அறிக்கையில், பதிவு செய்வதில் ஏற்பட்ட தகவல் இடைவெளி என்று போட்டார்கள். தீர்வாக, எல்லா உலைக் கம்பெனிகளின் சோதனையாளர்களுக்கும் நேர்மையாகப் பதிவு செய்வது எப்படி என்று ஒருநாள் பயிற்சி கட்டாயம் என்றார்கள். சோதனையாளர்களுக்குத்தான், மேலாளர்களுக்கு இல்லை. நடத்த வேண்டியது நான். நானும் மறுக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முன் பெட்டிகளில் நாலைத் தூர ஊர்களுக்கு மாற்றும் திட்டத்தில் தலைமை அலுவலகத்தின் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. கோமதியும் வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். நான் பதினாறு பெட்டிக் கதையைச் சொன்னேன். கற்பூரம், சந்தனம், சரஸ்வதி பூஜை எல்லாம் சொல்ல, மண்டபமே சிரித்தது. எட்டுத் துண்டு சேர்ந்து பதிவு திறந்த இடத்தில் கைதட்டினார்கள். எந்த நிலையிலும் உங்கள் பதிவு கிடைக்கும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டு, கேள்வி உண்டா என்றேன்.

கோமதி எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“நான் ஹோல்ட் போட்ட அன்னிக்கு பதினாறு பொட்டியும் ஆன்ல தான மேடம் இருந்துச்சி? மறுநாளு அவரு அத எடுத்தாரே, அன்னிக்கும் ஆன்ல தான இருந்துச்சி? அதுக்கப்புறம் நாலு மாசம்?”

“இருந்தது” என்றேன்.

“ஒருத்தராச்சும் தெறந்து பாத்தீங்களா?”

மேடையில் நின்றுகொண்டு யோசித்தேன். பதினாறு தொழிற்சாலை, ஒரு கமிட்டி, மணிக்கொரு தரம் துண்டு கேட்டுச் சரிபார்த்த என் நிரல், அதை எழுதிய நான். துண்டு இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்டோம்.

“இல்லம்மா” என்றேன்.

“பாத்திருந்தா அந்த லாரி டிரைவர் அண்ணனுக்கு கை ஒடஞ்சிருக்காது இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.